சுறாவுக்கு எடுத்த அச்சு

பல்செட்காரருக்கு ஐம்பத்தாறு வயதில் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அவர் மனைவி சொன்னால், அதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. முப்பது வருஷமாக ஊரார் வாய்க்கெல்லாம் பல் கட்டிக் கொடுத்த மனுஷன், ஞாயிற்றுக்கிழமையானால் ஆற்றுச் சரளையில் மண்டிபோட்டு, கல்லாகிப்போன சுறாப் பல்லைத் தேடினார். அங்கே ஒரு காலத்தில் கடல் கிடந்ததாம்.

"பல்லைப் பத்தி எனக்கு யாரு சொல்லித் தரணும்?" என்ற மிதப்பு வேறு. மூன்று முறை பை நிறையக் கொண்டுபோனார். மூன்று முறையும் அருங்காட்சியகத்து அம்மா பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் கல்லு சார். பல்லுன்னா மேல வழவழன்னு மின்னணும், கீழ வேர் சொரசொரன்னு இருக்கணும்" என்று திருப்பிக் கொடுத்தார்.

மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். "அடுத்த வாட்டி ஒண்ணையாவது அவங்க இன்ன சுறான்னு பேர் எழுதி மியூசியத்துல வெச்சுக்கணும். இல்லேன்னா இந்தக் கிறுக்குக்கு முழுக்கு. உங்க கல்லு அடைச்சுக்கிட்டிருக்கிற அலமாரி எனக்கு வேணும்." அவரும் ரோஷத்தில் தலையாட்டினார்.

நான்காவது தடவை அசலே கிடைத்தது. கட்டைவிரல் அகலம், கரேலென்று, முக்கோணமாக. அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே? பழக்க தோஷத்தில் பட்டறையில் உட்கார்ந்து பாலிஷ் சக்கரத்தில் பிடித்து, நாக்கைக் கிழிக்காதபடி விளிம்பையெல்லாம் வழவழப்பாக்கிவிட்டார். எந்தச் சுறா வந்து புகார் சொன்னதோ!

மனைவியையும் அழைத்துக்கொண்டு போனார். அந்த அம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தார். "பல்லுதான் சார்."

பல்செட்காரர் மீசையை நீவிக்கொண்டார்.

"ஆனா எந்தச் சுறான்னு சொல்ல முடியலையே. விளிம்புல ரம்பம் மாதிரி இருந்துச்சா இல்லையான்னு பாத்துதான் பேர் சொல்லணும். யாரோ தேச்சுட்டாங்க."

யாரோ! அவருக்கு அவமானத்தில் காது சிவந்தது. தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டவன் யாரைத் திட்டுவது? "வாக்கு வாக்குதான். நாளைக்கே அலமாரியைக் காலி பண்ணிடறேன்" என்று எழுந்தார்.

"உக்காருங்க" என்றாள் மனைவி. "நீங்க தேச்சுட்டு நிமிந்தப்பவே எனக்குத் திக்குன்னுச்சு." பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

உள்ளே வெள்ளைப் பிளாஸ்டரில் அதே பல். அச்சு எடுக்காமல் எந்தப் பல்லிலும் அவர் கைவைத்ததே இல்லை. அச்சுக்குச் சீட்டு எழுதி ஒட்டுவது அவள் வேலை. இதற்கும் தேய்ப்பதற்கு முன்பே எடுத்திருந்தார், எடுத்ததைத்தான் மறந்துவிட்டார்.

அந்த அம்மா லென்ஸைக் குனிந்து பிடித்தார். "ரம்பம் அப்படியே இருக்கு. வெள்ளைச் சுறா இனம் சார். ரெண்டையும் சேத்தே வெச்சுக்கறோம்." பிறகு அச்சைத் திருப்பிச் சீட்டைப் படித்தவர் சிரித்துவிட்டார்.

பல்செட்காரர் வாங்கிப் பார்த்தார். மனைவியின் குண்டு குண்டு எழுத்து. "நோயாளி: சுறா. வயது: பல லட்சம். செட் வாங்க வரவில்லை."

கிண்டல் பண்ணியே அவரைக் கொன்றவள், சீட்டு எழுதும்போதே அதைச் சுறா என்று நம்பியிருக்கிறாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அலமாரில கீழ்த்தட்டு மட்டும் எனக்கு" என்றாள் அவள்.