நடுவில் நிற்பவள் போட்ட கோல்

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் மதிவதனிக்கு வேலை, நாள் முழுக்க மனு டைப் அடிப்பது. பட்டா வரவில்லை, பைப்பில் தண்ணீர் வரவில்லை என்று ஊரார் கொதித்துக்கொண்டு வருவார்கள். அதையெல்லாம் ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று பணிவாக ஆரம்பித்து அடித்துக் கொடுப்பாள். அவளுக்கே வயிறு எரிந்தபோது மட்டும் யாருக்கு மனு போடுவதென்று தெரியவில்லை.

கால்பந்துதான் காரணம். ஏழு வருஷமாகத் திருவண்ணாமலை பெண்கள் அணியில் நடுக்களத்தில் ஆடுகிறாள். வேலூர் போட்டிக்குச் சுற்றுவட்டார அணிகளிலிருந்து ஆள் பொறுக்கி ஒரு கூட்டு அணி அனுப்புவார்கள். அதில் ஒரு தடவையாவது ஆடிவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. வருஷா வருஷம் கோல் போட்டதில்லை என்று அவள் பெயரை விட்டுவிடுவார்கள். இப்போது வயது இருபத்து மூன்று. இந்த வருஷத்தோடு வயது வரம்பு முடிகிறது.

ஆள் பொறுக்குகிறவர் அவளுடைய கோச் பிரசாத். பின்னால் நாலு பேர், நடுவில் நாலு பேர், முன்னால் ரெண்டு பேர் என்பது அவர் கணக்கு. அண்ணாமலையாரே இறங்கி வந்து சொன்னாலும் மாற்ற மாட்டார். “கோல் போடறது ஃபார்வர்டு வேல. நீ பந்த எடுத்துக் குடு, அவ்ளோதான். ஜாஸ்தி ஏறிப் போவாத” என்பார். முன்னால் நிற்கும் ரெண்டு பேரையும் எதிரணியின் தடுப்புக்காரிகள் ரெண்டு பேர் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். பந்து போகும், திரும்பி வரும். தோற்றால் திட்டு மட்டும் நடுக்களத்துக்கு. இது எந்த ஊர் நியாயம்?

பௌர்ணமிக்குப் பௌர்ணமி, கிரிவலத்துக்கு வரும் பஸ்களை அவர்கள் மைதானத்தில்தான் நிறுத்துவார்கள். பாதிதான் மிஞ்சும். பாதி மைதானத்தில் என்ன பயிற்சி என்று பிரசாத் அன்றைக்கு வரவே மாட்டார். பெண்கள் மட்டும் பஸ்களுக்கு இந்தப் பக்கம் ஆடுவார்கள். அந்த நெரிசலில்தான் ஒருநாள் ஃபார்வர்டு கீதாஞ்சலி நிற்க இடமில்லாமல் பின்னால் வந்தாள். அவளை ஒட்டியிருந்த தடுப்புக்காரியும் கூடவே வந்துவிட்டாள். கோலுக்கு எதிரே வாசல் திறந்தமாதிரி இடம் கிடந்தது. மதிவதனி பின்னாலிருந்து ஓடி வந்தாள். ஓடி வருகிறவளைப் பிடிக்க அங்கே ஆளில்லை. கீதாஞ்சலி தட்டிவிட்ட பந்தை நேரே அடித்தாள், கோல். அப்புறம் எல்லாப் பௌர்ணமியும் அவர்களுக்கு அதே வேலைதான்.

அந்த வருஷ மாவட்டப் போட்டியில் கீழ்பென்னாத்தூர் அணியோடு ஃபைனல். இடைவேளையில் ஒரு கோல் பின்தங்கியிருந்தார்கள். “சார், கீதாஞ்சலிய கொஞ்சம் பின்னால வரச் சொல்லுங்க. நடுவுல அஞ்சு பேராயிடுவோம், நான் ஏறிப் போறேன்” என்று மதிவதனி சொன்னாள். “நீ கோச்சா, நான் கோச்சா?” என்று கேட்டார் பிரசாத்.

களத்துக்குள் போகும்போது கீதாஞ்சலி காதோரம் வந்தாள். “அக்கா, நான் வரேன். திட்டு வாங்கறது என்னா புதுசா?”

வந்தாள். தடுப்புக்காரியும் வந்தாள். மதிவதனி ரெண்டு கோல் போட்டாள். கோப்பையைக் கையில் வாங்கியவர் பிரசாத். “ரெண்டாவது பாதியில பிளான மாத்துனேன்” என்று போட்டோ எடுக்க வந்தவரிடம் கூசாமல் சொன்னார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோப்பையைப் பிடுங்கி அவர் காலில் போடலாமா என்றுகூட இருந்தது. கூட்டு அணியில் பெயர் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பட்டியல் வாட்ஸப்பில் வந்தது. கீதாஞ்சலி இருந்தாள், மதிவதனி இல்லை. நேரே போய்க் கேட்டாள்.

“இன்னா சார் இது? ஃபைனல்ல ரெண்டு கோலும் நான் போட்டது.”

“அதாம்மா பிரச்சன. நடுவுல நிக்க வேண்டியவ முன்னால போய் நின்ன. எடத்துல நிக்காதவள வேலூருக்குக் கூட்டிம்போயி நான் இன்னா பண்றது? அன்னிக்கி அதிர்ஷ்டம், பட்டுது.”

ஏழு வருஷம் கோல் போடவில்லை என்று ஒதுக்கினார்கள். இப்போது போட்டதற்கு ஒதுக்குகிறார்கள். இவர்களையெல்லாம் என்ன செய்தால் தகும்? கடைக்குத் திரும்பி, அடுத்த ஆளுக்கு ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று அடிக்க ஆரம்பித்தாள்.

கூட்டு அணியின் முதல் பயிற்சி ஆட்டத்தைப் பார்க்கப் போகக் கூடாது என்றுதான் இருந்தாள். கால் கேட்கவில்லை, போய் வேலியோரம் நின்றாள். பின்னால் நாலு, நடுவில் நாலு, முன்னால் ரெண்டு. அரை மணி நேரமாக ஒரு கோலும் இல்லை.

அப்போது கீதாஞ்சலி பின்னால் இறங்கி வந்தாள். தடுப்புக்காரி கூடவே வந்தாள். கோலுக்கு எதிரே இடம் திறந்தது. கீதாஞ்சலி திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தை அங்கே தட்டிவிட்டாள். நடுக்களத்து நாலு பேரும் சொன்ன இடத்தில் ஒழுங்காக நின்றார்கள். பந்து தானாக உருண்டு கோட்டைத் தாண்டி வெளியே போயிற்று.

பிரசாத் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். “அங்க யாரும்மா இருக்கா? யாருக்குப் போட்ட அந்த பாஸ?”

கீதாஞ்சலி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“மதி அக்காவுக்கு சார்” என்றாள்.