மூக்கால் தேர்ந்தெடுத்த யுகுலேலி

இன்று தேனி கடைவீதியில் ஆர்மோனியம் விற்கிற கடைக்குப் போனேன், இரண்டாவது யுகுலேலி வாங்க. நாலு கம்பி போட்ட குட்டி கிட்டார்தான் அது.

ஒரு பாட்டைக்கூட முழுதாக முடிக்கத் தெரியாதவனுக்கு எதற்கு இரண்டாவது என்று கேட்காதீர்கள். திங்கட்கிழமை மகள் மதுரைக்குப் போகிறாள், காலேஜ் விடுதிக்கு. முதலாவதை அவளுக்கே கொடுத்துவிட்டேன். இனி சாயங்காலங்களில் வீட்டில் என்ன சத்தம் இருக்கும்?

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். கூட வந்த மகள் மீட்டிப் பார்த்தாள். நான் ஏலக்காய் வியாபாரி. பழக்கதோஷத்தில் ஒன்றின் ஓட்டையில் மூக்கை வைத்து மோந்துவிட்டேன்.

"என்னண்ணே, ஏலக்காயா வாங்குறீக?" என்றார் கடைக்காரர்.

நான் அங்கே இல்லை. உள்ளே மழையில் நனைந்த மரத்தின் வாசம். கண்ணை மூடினால் மேகமலை. மூடுபனிக்குள் யாரோ மெதுவாக வாசித்துக்கொண்டே போக, நான் பின்னாலேயே நடக்கிறேன்.

"எப்பா, தூங்கிட்டீகளா?" மகள் தோளைத் தொட்டாள்.

"இதுதான் ஆத்தா. இதையே எடுத்துக்குவோம்."

கம்பத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்த மகள் சொன்னாள்: "இத நான் கொண்டு போறேன்ப்பா. பழசு ஒங்களுக்கு. புதுசுல நீங்க மொதல்ல இருந்து பழகுனா அம்மா பாவம்."

சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காற்று கண்ணில் நன்றாகவே பட்டது.

ஆக, மழை வாசம் அடிக்கிற புதுசு அவளோடு போகிறது; எனக்கு இன்னும் இரண்டாவது யுகுலேலி வாங்க வேண்டியிருக்கிறது. வாங்கலாம் என்பவர்கள், என் வீட்டுக்காரி இல்லாத நேரம் பார்த்து வந்து சொல்லுங்கள்.