நான் பூசி மறைத்த தூண்

நாகலாபுரம் பக்கம் ஓர் ஊரின் குடிநீர்த் தொட்டியைக் கட்டியபோது நான் ஒரு தவறு செய்தேன். அப்போது நான் இளம் பொறியாளர். கான்கிரீட் வார்த்த பலகையைப் பிரித்ததும் ஒரு தூணில் சிமெண்ட் இறங்காமல் ஜல்லி பல்லிளித்தது. மறுநாள் மேலதிகாரி வருகிறார் என்பதால், இடிக்காமல் பூசி மறைக்கச் சொன்னேன்.

ஓய்வுபெற்ற பிறகு, பேருந்தில் போகும்போது அந்தத் தொட்டியைப் பார்த்தேன். அதன் நிழலில் பெண்கள் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். உடனே இறங்கி, ஊராட்சித் தலைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பூசும்போது இந்த வாய் எங்க போச்சு அண்ணாச்சி?" என்றார். ஆனாலும் சோதனைக்கு ஏற்பாடு செய்தார்.

தூணின் இரு பக்கமும் கருவி வைத்து, காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே செலுத்தினார்கள். மற்ற தூண்களைச் சட்டென்று கடந்த ஒலி, என் தூணில் ஓட்டைகளைச் சுற்றிக்கொண்டு தாமதமாக வந்தது. அன்றே தொட்டியைக் காலி செய்தார்கள்.

தூணைப் பலப்படுத்தும்வரை தினமும் போய் நின்றேன். "பூசுன இன்ஜினியரு இவியதான்" என்று லாரித் தண்ணீருக்கு நின்ற பெண்கள் என் காதுபடச் சொன்னார்கள். மறுசோதனையில் ஒலி தடையின்றிக் கடந்தது. தொட்டி நிறைந்ததும் தலைவி என்னிடம் ஒரு குடத்தை நீட்டினார்.

"மொதக் கொடத்த நீங்க தொட்டிக்கு அடியில நின்னு பிடிங்க. பொறவு நாங்க வாரோம்."

குடம் நிரம்பும்வரை நின்றேன். பிறகு அவர்களும் வந்தார்கள். நான் கட்டிய மற்ற தொட்டிகளையும் சோதிக்கச் சொல்லி இப்போது ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறேன்.