சத்தம் நின்ற சக்கரம்

யுத்த காலம், புது பேரிங் கிடைக்காது. அரியலூரில் மெக்கானிக்காக இருந்த நான், மருதையாற்று வெள்ளத்தில் நின்றுபோன ஒரு காரின், இரைச்சல் போட்ட பின்சக்கர பேரிங்கைக் கழற்றினேன். தண்ணீர் புகுந்து, அதற்குள் உருளும் இரும்புக் குண்டுகள் துருப்பிடித்துக் குழிவிழுந்திருந்தன. என்னால் ஆகாது என்று சொல்ல கௌரவம் இடம் தரவில்லை. கிரீஸை அப்பி மூடினேன், இரைச்சல் நின்றது.

மறுநாள் கார் முதலாளி தன் மகளைப் பிரசவத்துக்குத் திருச்சிக்கு அழைத்துப் போனார். துணைக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார். கீழப்பழுவூரில் நிறுத்திப் பின்சக்கரத்தைத் தொட்ட டிரைவர், சூடு தாங்காமல் கையை இழுத்தார். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் சக்கரம் கழன்றிருக்கும்.

"ஆவாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரயில்ல போயிருப்பாங்களே," என்றார் என் காதோடு.

பிறகு முதலாளியிடம், "மெக்கானிக் நிறுத்தச் சொல்றாருங்க. பஸ்ஸுல போயிடலாம்," என்றார்.

பஸ் ஏறும்போது அந்தப் பெண் வலியோடு திரும்பினாள். "நீங்க கூட வந்தது நல்லதாப் போச்சுண்ணே."

நான் தலையாட்டினேன். கிரீஸ் அப்பியதைக்கூட மறந்துவிடுவேன். அந்தத் தலையாட்டலைத்தான் மறக்க முடியவில்லை.