நான்கு நாள் மோட்டார் ஓடாத வீடு

சூரியனுக்குள் எரிவதை ஒரு காந்தக் கூண்டுக்குள் எரியவைக்க உலகமே முட்டி மோதிக்கொண்டிருந்தது. கூண்டுக்குள் அடைத்த அதிவெப்ப வாயு, அதாவது பிளாஸ்மா, சும்மா இருக்காது. சுழித்துச் சுழித்து வெப்பத்தை வெளியே கடத்திவிடும். எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதுதான் என் ஆராய்ச்சி. தொண்ணூறுகளின் நடுவில், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடி அறையில்.

ஆய்வேட்டுக்கு ஒரே ஓர் எண் பாக்கி. மாதக் கடைசியில் என் வழிகாட்டி ஓய்வு பெறுகிறார். அதற்குள் கொடுக்காவிட்டால் ஐந்து வருட உழைப்பு அம்போ. துறையின் பழைய கம்ப்யூட்டரை அறைக்கே தூக்கி வந்துவிட்டேன். கணக்கு ஓடி முடிய நான்கு நாள். ஆனால் கீழே வீட்டுக்கார அக்கா காலையில் கிணற்று மோட்டாரைப் போட்டால் விளக்கெல்லாம் மங்கும், கம்ப்யூட்டர் அணைந்து முதலிலிருந்து தொடங்கும். இரண்டு முறை அப்படிப் போனது. வெட்கத்தை விட்டு அவரிடம் கேட்டேன்.

“நாலு நாள்தானே தம்பி? கெணத்துல தண்ணி கீது, எனக்குக் கை கீது. நீ உன் வேலையப் பாரு.”

அக்காவும் பக்கத்துப் போர்ஷன்காரர்களும் வாளி வாளியாக இறைத்தார்கள். நான் போனால் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு மேலே விரட்டினார்கள். மேலே எனக்கென்ன வேலை? வெறும் திரையை முறைப்பதுதான். அதிசயமாக அந்த நான்கு நாளும் கரண்ட் போகவில்லை.

ஐந்தாம் நாள் காலை முடிவைத் திறந்தேன். முதல் நாள் சாயங்காலமே எண்கள் கட்டுமீறி வெடித்திருந்தன. மிச்ச மூன்று நாளும் இயந்திரம் குப்பையைக் குப்பையோடு பெருக்கிக்கொண்டு இருந்திருக்கிறது. மணிக்கொரு வரி திரையில் காட்டச் சொல்லியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நேரம் மிச்சமாகட்டும் என்று அதை நீக்கிய மகா புத்திசாலி நான்தான். படியிறங்கினேன்.

கீழே அக்கா தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“ஆச்சா தம்பி? நல்லா வந்துச்சா?”

“வந்துச்சுக்கா.”

அவர் முகம் மலர்ந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

“இன்னொரு தபா வேணும்னாலும் கூச்சப்படாம சொல்லு, இன்னா?”

வேண்டும். ஒரு சின்னத் திருத்தம், பிறகு இன்னும் நான்கு நாள். மாதம் முடிய ஆறு நாள் இருந்தது. தைலம் தேய்த்த அந்தக் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை.

“மோட்டாரைப் போடுங்கக்கா,” என்றேன்.