கருத்துக் கேட்புக்கு நான் கட்டிய மைக்

மைக் செட் கட்டுகிறவனுக்கு வேலை இரண்டு. சத்தம் வர வேண்டும். கூட்டம் வர வேண்டும். இரண்டாவதை யாரும் கேட்காமலே செய்யப் போய், ஒருமுறை அரசாங்கக் கொள்கைக்குள் விழுந்தேன்.

1. ஆர்டர்

செயற்கை நுண்ணறிவுக்கு அரசு விதிமுறை கொண்டுவருகிறது, ராமேஸ்வரத்தில் ஒரு ஓட்டல் ஹாலில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்றார்கள். ஹால், சாப்பாடு, மைக் எல்லாம் ஒரு பெரிய டெக்னாலஜி கம்பெனியின் செலவு. அந்த விதிமுறையின் வரைவை எழுதிக் கொடுத்ததும் அவர்கள்தான் என்பது பிறகு தெரிந்தது. ஊர் ராமேஸ்வரம் என்பதால் வருகிறவர்களுக்குத் தரிசனமும் முடியும்.

பேனரில் 'பொதுமக்கள்' என்று இருந்தது. என் பேக்கேஜில் விளம்பர ஆட்டோ உண்டு. முந்தின நாள் சாயங்காலம் பாம்பன் முழுக்கச் சுற்றினேன்.

நான் வசன கவிதை எழுதுகிறவன். பத்திரிகைகள் போடாததை ஆட்டோவில் போடுவேன். ஒரு காதணி விழா விளம்பரத்தில் அலைகளை நினைத்து நான் உருகிக்கொண்டிருந்தபோது, விழா வீட்டுக்காரர் ஆட்டோவை மறித்து, "பந்தி எப்பன்னு சொல்லுய்யா" என்றார். பாம்பனில் மறிக்க ஆளில்லை. "உப்பில் ஊறிய முகங்களே, இயந்திரம் உங்களை அறியுமா? வந்து சொல்லுங்கள்!" என்று முழக்கினேன். முகம் என்றது ஓசைக்காகத்தான்.

பாம்பன்காரர்கள் அதை ஓசையாகக் கேட்கவில்லை. போட் கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கும் ஆபீசில், அதே கம்பெனியின், முகம் பார்த்து ஆளை அடையாளம் சொல்லும் மிஷினை அப்போதுதான் சோதனைக்கு வைத்திருந்தார்கள்.

2. வால்யூம்

மறுநாள் கல்லூரி முதல்வர்களுக்கும் அதிகாரிகளுக்கும் போட்ட நாற்காலிகளுக்குப் பின்னால், சுவரோரமெல்லாம் பாம்பன் நின்றது. கூட்டத்தை நடத்திய கம்பெனி இளைஞர் என்னிடம் குனிந்து, "அண்ணா, நீங்க சவுண்ட் மட்டும் பார்த்தா போதும்" என்றார். பாராட்டு என்று நினைத்துத் தலையாட்டினேன்.

போட் டிரைவர் அந்தோணி அண்ணன் மைக்கை வாங்கினார். கடலில் கிடந்து கறுத்து, தாடியோடு திரும்பிய அவரை மிஷின் வேறு ஆள் என்றுவிட்டது. ஒரு வாரமாக அவர் போட் கரையில் கிடந்தது.

"மிஷினு என்னைய நான் இல்லங்குது. டோக்கன் ஆபீசுல உக்காந்திருக்க தம்பிக்கு என்னையத் தெரியும். மிஷினு இல்லன்னா மனுசன் பாத்துச் சொல்லணும். அந்த ஒத்த வரிய சட்டத்துல எழுதுங்க."

இளைஞர் என்னைப் பார்த்துக் கையைத் தாழ்த்தினார். நானும் வால்யூமைக் குறைத்தேன். ஆனால் இன்ஜின் இரைச்சலில் அடுத்த போட்டுக்குக் கேட்கப் பேசிய தொண்டை அது. மைக் இல்லாமல் இன்னும் நன்றாகக் கேட்டது. என் தொழில் வாழ்க்கையில் செட்டே தேவையில்லாத ஒரே பேச்சு அதுதான்.

3. அறிக்கை

ஹாலில் இருந்த டோக்கன் ஆபீஸ் தம்பி மறுநாளே முகத்தைப் பார்த்து டோக்கன் கொடுத்துவிட்டார். "மேலதிகாரி கேட்டா நிறுத்திருவேண்ணே" என்றும் சொல்லிவைத்தார்.

பிறகு இணையத்தில் அந்தக் கூட்டத்தின் அறிக்கை வந்தது. அந்தோணி அண்ணன் போனில் காட்டினார். அவர் கேட்ட வரி இல்லை. குறைகளை நிறுவனங்கள் தாமாகவே முன்வந்து சரிசெய்யும் என்று இருந்தது. மக்கள் பங்கேற்புக்குச் சான்றாக முதல் பக்கத்திலேயே ஒரு வரி: 'ஒலிபெருக்கி வழியாகக் கடலோர மக்களுக்கு விரிவாக அறிவிக்கப்பட்டது.' நாட்டின் கொள்கைக்கு என் கவிதையின் பங்களிப்பு அவ்வளவுதான்.

"ஏலே, என் சத்தத்த விட்டுட்டு ஒன் சத்தத்த எடுத்துக்கிட்டானுக" என்றார் அண்ணன். அவர் போட் இன்னும் அந்தத் தம்பியின் தயவில்தான் கடலுக்குப் போகிறது.

புதிதாக மைக் கட்ட வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். எத்தனை ஸ்பீக்கர் என்று கேட்பதற்கு முன்னால், பேசுவதை யார் எழுதுவார்கள் என்று கேளுங்கள். நான் எல்லா ஆர்டருக்கும் கேட்கிறேன். கூட்டம் போடுகிறவர்கள் வேறு செட் பார்த்துக்கொள்கிறார்கள். காதணி விழாக்காரர்கள்தான் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள்: "பேசுறத யாருய்யா எழுதுவா? மொய்யத்தான் எழுதுவாக."