வராத புயலும் என் கைப்பையில் இருந்த பிளக்குகளும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மார்கழி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. இடம் தலைமன்னார்க் கடற்கரை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது புயலில் சிக்கித் தப்பிய கதை அல்ல. அன்று புயல் வரவே இல்லை. வந்திருந்தால் எப்போதோ பெருமையடித்து எழுதியிருப்பேன். வராததால்தான் இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி மூடுவதாக இல்லை.

எங்களிடம் ஒரு பைபர் படகு இருக்கிறது. தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பியபோது கிடைத்த உதவியில் வாங்கியது. பதிவு என் பெயரில். கணவர் அதில் மீன்பிடிக்கப் போவார். பருவம் நன்றாக இருந்தால், வருகிற ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க் கடலுக்குள் இருக்கும் மணல் திட்டுகளைக் காட்டிவிட்டு வருவார். அதைப் பார்க்கச் சரியான காலம் பங்குனியும் சித்திரையும்தான். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் சனத்துக்கு லீவு கிடைப்பது மார்கழியில். வங்காள விரிகுடாவில் புயலுக்கு வித்தாகும் தாழமுக்கம் பிறப்பதும் அதே மார்கழியில்தான். அங்கே பனி கொட்டுகிறது என்று ஓடிவந்து, இங்கே மழைக்குள் குடை பிடித்துக்கொண்டு ‘எப்ப போட்ல கூட்டிக்கொண்டு போவியள்’ என்று கேட்பார்கள். சிரிப்பதா அழுவதா என்று எங்களுக்குத் தெரியாது.

அந்த வருடம் அப்படி வந்தது வேறு யாருமல்ல, என் ஒரே அண்ணன். கனடாவிலிருந்து மனைவி, மகளோடு வந்திருந்தார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அவரை நான் நேரில் பார்க்கவில்லை; பிந்திய காலத்தில் போன் திரையில் பார்த்ததோடு சரி. வந்த அன்றே சொல்லிவிட்டார்: “எனக்கு வேற ஒரு இடமும் பாக்கத் தேவையில்லை. அந்தத் திட்டில ஒருக்கா கால் வைக்க வேணும். அம்மாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்த வேணும். அது போதும்.”

அந்தத் திட்டு எது என்று சொல்ல வேண்டும். தொண்ணூறாம் ஆண்டு, எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பதினான்கு. சண்டைக்குப் பயந்து குடும்பமாக இந்தியாவுக்குப் படகேறினோம். படகுக்காரன் ஒரு மணல் திட்டில் எங்களை இறக்கி, “இதுதான் இந்தியா, கொஞ்சம் நடந்தால் ஊர் வரும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டான். ஊரும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. எங்கள் கரைப் பக்கத்துத் திட்டு ஒன்றிலேயே இறக்கிவிட்டிருக்கிறான், பாவி. மத்தியானம் காற்று எழும்பியது. அலை ஏறி ஏறித் திட்டையே மூடியது. அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு என்னைத் தோளில் தூக்கி வைத்திருந்தார். அண்ணன் அம்மாவின் சேலையைப் பிடித்தபடி நின்றார். அப்பா மூட்டைகளைத் தலையில் தாங்கியபடி பக்கத்தில் நின்றார். பொழுதுபட ஒரு மீன்பிடிப் படகு வந்து எங்களை ஏற்றி இந்தியக் கரையில் இறக்கியது.

பிறகு முகாம். அங்கிருந்து அண்ணன் எப்படியோ கனடா போய்ச் சேர்ந்தார். அம்மா முகாமில் செத்தபோது அவரிடம் விசாவும் இல்லை, ஒன்றும் இல்லை. செத்த வீட்டுக்கு வர முடியவில்லை. அது அவர் நெஞ்சில் முள்ளாகவே கிடந்தது. அம்மா கல்லறையில் படுத்திருப்பதை அவர் பார்த்ததில்லை. அவருக்கு அம்மா என்றால் அந்தத் திட்டில் நின்ற அம்மாதான்.

வந்த இரண்டு வாரமும் மழை, சொந்தக்காரர் வீடு, மறுபடி மழை என்று ஓடிவிட்டது. மிஞ்சியது அந்தச் சனிக்கிழமை மட்டும். ஞாயிறு அவர்களுக்குப் பிளேன்.

காலை ஐந்தரைக்கு ரேடியோவில் சொன்னார்கள்: திருகோணமலைக்குக் கிழக்கே தாழமுக்கம் வலுக்கிறது, புயலாக மாறலாம், வடக்குக் கடலுக்குப் போகிறவர்கள் அவதானமாக இருக்கவும். அவதானம் என்றுதான் சொன்னார்கள். தடை வரவில்லை. நேவியும் கிட்டக் கடலுக்குப் பாஸ் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. நான் கரைக்குப் போனபோது, கணவர் எஞ்சினைப் படகில் பூட்டி, பெற்றோலும் ஊற்றி முடித்திருந்தார். அண்ணி சாப்பாட்டுப் பெட்டியோடு நின்றார். மகள் உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணனின் கையில் ஒரு தகரப்பெட்டி. உள்ளே மெழுகுதிரி.

காற்றே இல்லை. அலையும் இல்லை. வாடைக்காற்றுக் காலத்தில் கடல் அப்படி அசையாமல் கிடப்பது நல்லதல்ல. இண்டைக்குப் போகத்தான் வேணுமோ என்று கணவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

“கடல் எண்ணெய் மாதிரிக் கிடக்குது. ரெண்டு மணித்தியாலத்தில போயிட்டு வந்திடலாம்.”

அந்தச் சொல் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்று அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியாது.

“இண்டைக்குப் படகு போகாது” என்றேன்.

அண்ணன் முதலில் பகிடி என்று நினைத்தார். பிறகு கெஞ்சினார். பிறகு கத்தினார். “உனக்கென்ன விசரா? மற்றப் படகெல்லாம் போகுது, பார்!” என்றார். போய்க்கொண்டுதான் இருந்தன. கொழும்பிலிருந்து வந்த ஒரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு பக்கத்து மீன்வாடிக்காரரின் படகு எங்கள் கண் முன்னாலேயே கிளம்பியது. அவர்கள் கை காட்டிக்கொண்டு போனார்கள்.

“நான் அவவின்ர செத்த வீட்டுக்கும் வரேல்ல. இதுக்கும் விடமாட்டியோ?” என்று அண்ணன் கேட்டார். குரல் உடைந்துபோயிருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் நான் ஆடிப்போனேன். சரி, போங்கோ என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. அவரைவிட எனக்கு அம்மா குறைந்தவரா? ஆனால் அவருடைய மகள் அந்த ஆரஞ்சு நிற அங்கியோடு, நான் அன்று நின்ற அதே வயதில், எதிரே நின்றாள்.

“விடமாட்டன்” என்றேன்.

சொல்லிவிட்டுச் சும்மா நிற்கவில்லை. நின்றால் நாலு ஆம்பிளைகள் சேர்ந்து என் வாயை அடைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். படகில் ஏறினேன். எஞ்சின் மூடியைத் திறந்து, எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற இரண்டு பிளக்கையும் கழற்றினேன். கணவர் “இஞ்ச, என்ன செய்யிறாய்?” என்று ஓடி வருவதற்குள் அவற்றைக் கைலேஞ்சியில் சுற்றிக் கைப்பைக்குள், செபப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். வீட்டு அலுமாரியில் அவர் மாற்றுக்கு வைத்திருந்த இரண்டையும் ரேடியோவைக் கேட்டதுமே முன்யோசனையாக எடுத்துப் பைக்குள் போட்டிருந்தேன். என்னை என்னவென்று நினைத்தீர்கள்? நேரே கோயிலுக்குப் போய்க் காலைப் பூசையில் உட்கார்ந்துவிட்டேன். நாலு பிளக்கும் மடியில். பை முழுக்கப் பெற்றோல் மணம். பக்கத்தில் இருந்த மனுசி மூக்கைச் சுளித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தா.

அண்ணன் வேறு படகு தேடிப் போயிருக்கிறார். ஒருவரும் ஏற்றவில்லை. சொந்த வீட்டுப் பெண் மறித்த ஆளை மற்றவன் தன் படகில் ஏற்றுவதில்லை என்பது எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். ஏற்றினால் வலை வெறுமையாக வரும் என்பார்கள். அந்த வழக்கத்துக்கு அன்று நான் கும்பிடு போட்டேன்.

மத்தியானத்துக்குள் கொழும்புக் கூட்டம் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தது. திட்டில் எடுத்த படங்களை அண்ணனின் மகளுக்கே காட்டினார்கள். பின்னேரம் ஒரு தூறல், பத்து நிமிடம். அவ்வளவுதான். தாழமுக்கம் வழியை மாற்றிக்கொண்டு நடுக்கடலிலேயே கரைந்துவிட்டது என்று ரேடியோ சொன்னது. அண்ணன் அன்று முழுக்க, கவிழ்த்து வைத்த பழைய படகொன்றின் மேல், தகரப்பெட்டியை மடியில் வைத்தபடி கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் கொண்டுபோன தேத்தண்ணி ஆறிப்போனது. ஒரு வாய் குடிக்கவில்லை.

ஞாயிறு விடிய வானம் கழுவி விட்டது போல நீலமாக இருந்தது. எனக்கே கோபம் வந்தது. வேனில் ஏறும்போது அந்தப் பிள்ளை கேட்டாள்: “மாமி, ஸ்டோர்ம் எங்க?”

“வழி மாறிப் போட்டுது மகள்” என்றேன். வேறென்ன சொல்ல?

அண்ணி கட்டிப்பிடித்தார். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தகரப்பெட்டியை வாசற்கதிரையில் வைத்துவிட்டு ஏறிவிட்டார். வேன் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்று, அதுவரை ஒருவரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

“அண்டைக்கு அம்மாவும் வேண்டாம் எண்டுதான் சொன்னவ, அண்ணா.”

வேன் போய்விட்டது.

முகாமில் தண்ணீர் வரிசையில் நிற்கும்போது ஒருநாள் அம்மாதான் எனக்கு அதைச் சொன்னார். நாங்கள் படகேறிய அன்று வானத்தைப் பார்த்துவிட்டு, “இண்டைக்கு வேண்டாம், நாளைக்குப் போவம்” என்று அவர் சொல்லியிருக்கிறார். படகுக்காரனும் அப்பாவும் சேர்ந்து, “கடல் எண்ணெய் மாதிரிக் கிடக்குது, உனக்கென்ன தெரியும்” என்று வாயை அடைத்துவிட்டார்கள். அண்ணன் அப்போது மூட்டை முடிச்சுகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார். இடுப்பளவு தண்ணீரில் நின்ற அம்மாவின் தைரியத்தை அவர் தன் பிள்ளைக்குக் கதையாகச் சொல்கிறார். அந்தத் தைரியத்துக்கு வேலையே வந்திருக்கக் கூடாது என்பதுதான் என்னுடைய கதை.

ஊரில் எனக்குப் ‘புயலக்கா’ என்று பேர் வைத்துவிட்டார்கள். மீன் வாங்கப் போனால், “புயலக்கா, இண்டைக்குக் கடலுக்குப் போகலாமோ?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். “போங்கோ, பிளக் என்னட்டை இல்லை” என்று நானும் சொல்வேன். கணவர் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், ஆள் வீட்டில் இருந்தாரே.

நாலு மாதம் கழித்து, உயிர்த்த ஞாயிறு அன்று அண்ணன் போன் எடுத்தார். சுகம் விசாரித்தார், மழை விசாரித்தார். பிறகுதான் கேட்க வந்த விசயத்துக்கு வந்தார்.

“அம்மா உண்மையா அப்பிடிச் சொன்னவவோ?” என்று கேட்டார்.

“ஓம் அண்ணா.”

“ஒருத்தரும் கேக்கேல்லயோ?”

“இல்லை.”

அவர் அழுதார். நானும் அழுதேன். கடைசியில், “அடுத்த முறை பங்குனியில வாறன். நீ சொல்லுற நாளில போவம்” என்றார். மெழுகுதிரிப் பெட்டி இன்னும் என் அலுமாரியில்தான் இருக்கிறது. நாலு பிளக்கும் திரும்ப எஞ்சினுக்கும் கணவரின் பெட்டிக்கும் போய்விட்டன. ஆனால் தேவைப்பட்டால் கழற்ற எனக்கு இரண்டு நிமிடம் போதும்.

அன்று நான் சொன்னது பிழையாகிப் போனது என்று இன்றைக்கும் யாராவது சொன்னால், சொல்லிவிட்டுப் போகட்டும். புயல் வருவதும் வராததும் என் கையில் இல்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் ‘வேண்டாம்’ என்று சொல்லி, படகு கரையிலேயே நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை.